நாற்பத்தேழு ஏ

எங்கள் கம்பெனியில் எனக்குப் பெயர் கிடையாது. வீட்டில் உண்டு. டிப்ளமோ சான்றிதழில், முதல் வகுப்பு என்று போட்ட இடத்துக்கு மேலேயே கொட்டை எழுத்தில் உண்டு. மோட்டார் கம்பெனியின் இரும்புக் கதவைத் தாண்டிவிட்டால் நான் நாற்பத்தேழு ஏ. என் கணவர் நாற்பத்தேழு.

இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்க வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஓர் ஆண் அவளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அப்பாவோ அண்ணனோ கணவனோ, யாராவது ஒருவர். அவருடைய எண்ணுக்குப் பின்னால் ஓர் 'ஏ' போட்டு அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வட்டமான பித்தளை டோக்கன், நடுவில் அடித்துப் பதித்த எண். ஸ்டோரில் இருந்த அச்சுப் பெட்டியில் எண்கள் மட்டும்தான் இருந்தன, எழுத்து இல்லை. பொம்பளைகளுக்காக இன்னொரு பெட்டி வாங்குவானேன்? ஸ்டோர்கீப்பர் ஓர் ஆணியை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' என்று கீறித் தந்துவிடுவார். சம்பளமும் அப்படித்தான். என் பணமும் நாற்பத்தேழின் கணக்கில் சேர்ந்தே வரும், கையெழுத்தும் அவர்தான் போடுவார்.

எங்களில் மூத்தவர் பன்னிரண்டு ஏ. பெரியக்கா என்று கூப்பிடுவோம். பன்னிரண்டாக இருந்த அவருடைய வீட்டுக்காரர் இறந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பெரியக்கா மட்டும் இன்னும் பன்னிரண்டு ஏ. "மாடு செத்துப் போச்சு, வால் மட்டும் வேலைக்கு வருது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். வேறென்ன செய்வது?

எங்கள் வேலை வைண்டிங். மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் சுற்றிலும் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் காகிதம் வைத்து, செம்புக் கம்பிச் சுருளை ஒரு கீறல் விழாமல் உள்ளே இறக்கி, நுனிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பியின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலும் மோட்டார் எரிந்து போகும். சுருக்கமாகச் சொன்னால், மோட்டாருக்கு உயிர் கொடுப்பது நாங்கள். எங்களுக்குப் பெயர் 'ஹெல்பர்'. நாங்கள் சுற்றிக் கொடுத்ததை எடுத்து மூடி போட்டு நாலு போல்ட் முறுக்கும் ஆண்களுக்குப் பெயர் 'டெக்னீஷியன்'. அவர்களுக்குச் சம்பளம் எங்களைப் போல இரண்டு மடங்கு.

ஏன் என்று மேனேஜரைக் கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். "அது நின்னு செய்யற வேலைம்மா. உங்களுது உக்காந்து செய்யற வேலை."

ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களும் உக்காந்துதானே சார் வேலை பாக்குறீங்க. நீங்க யாருக்கு ஹெல்பர்?"

பெஞ்சுகளில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் இன்னும் குனிந்துகொண்டன. சிரிப்பை அடக்க முடியாமல் பெரியக்காவுக்கு இருமலே வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வாயாடி என்ற பட்டமும் சேர்ந்தது. பட்டம்தான் சேர்ந்தது, சம்பளம் அப்படியே இருந்தது.

மற்ற பெண்களாவது பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். "நாங்க படிக்கல, எங்களுக்கு இதுதான்" என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். நான் எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வது? நானும் என் கணவரும் ஒரே வகுப்பு, ஒரே டிப்ளமோ. நான் வகுப்பில் முதல். அவர் கரையேறியது என் நோட்டைப் பார்த்து, நான் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு. அதை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிவார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியாது. கம்பெனியில் சேரும்போது அவர் டெக்னீஷியன், நான் ஹெல்பர். படித்தவளுக்கும் அதே ஸ்டூல், படிக்காதவளுக்கும் அதே ஸ்டூல். ஸ்டூலுக்கு வித்தியாசம் தெரியாது, சரி. மேனேஜருக்குமா தெரியாது?

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பெண் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் இன்னும் பொறுத்திருப்பேனோ என்னவோ.

அவள் பத்தாவது முடித்திருந்தாள். மேலே கணக்குப் பாடம் எடுப்பதா வேண்டாமா என்று பள்ளியில் சொல்ல வேண்டும். கணக்கில் புலி. அதைத்தான் எடுப்பாள் என்று நான் கேட்கக்கூட இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் கணக்கு எடுக்கல" என்றாள்.

"ஏன்டி? உனக்குத்தான் நல்லா வருதே?"

"வந்து என்ன பண்ண? நீ ஃபர்ஸ்ட் மார்க்கு. அப்பா தட்டுத் தடுமாறி பாஸ். அப்பாவுக்கு உன்னைவிட டபுள் சம்பளம். அப்ப எதுக்கும்மா உயிரைக் கொடுத்துப் படிக்கணும்? சுலபமா எதையாவது எடுத்துட்டுப் போறேன்."

என் கணவர் தட்டிலேயே கண்ணை வைத்திருந்தார். மேனேஜரையே மடக்கியவள், பெற்ற பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். திட்டவும் முடியவில்லை, அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே. கையைக் கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது.

"பள்ளிக்கூடத்துல இப்பவே சொல்லாதே. கொஞ்சம் பொறு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, அந்த வாரமே நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எங்கள் மோட்டார்களை மொத்தமாக வாங்கும் பம்ப் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வைண்டிங் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். சிபாரிசில் வந்தவர் வேண்டாம், தன் கையால் மோட்டார் சுற்றத் தெரிந்தவர் வேண்டும். டிப்ளமோ இருக்கிற யார் வேண்டுமானாலும் ஒரு மோட்டாரைச் சுற்றிக் கொடுக்கலாம். எந்த மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று பம்ப் கம்பெனியின் இன்ஜினியர் வந்து பார்ப்பார். யாருடையது என்று அவருக்குத் தெரியக் கூடாது, மோட்டாரில் எண் மட்டும்தான் இருக்கும். அவர் தேர்ந்தெடுத்தால்தான் புது ஆர்டர்.

நான் நேராக ஃபோர்மேனிடம் போனேன். எதைக் கேட்டாலும் பார்க்கலாம் பார்க்கலாம் என்பார், அதனால் அவருக்குப் 'பார்க்கலாம்' என்றே பெயர்.

"நானும் மோட்டார் சுத்தறேன் சார். என் எண்ணைச் சேத்துக்குங்க."

"நீயா? உன் வீட்டுக்காரர்தான் பேர் கொடுத்திருக்காரே."

"அவர் சாப்பிட்டா எனக்குப் பசி அடங்குமா சார்?"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

"பாக்கறதெல்லாம் அப்புறம். யார் வேணும்னாலும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. இப்ப எழுதுங்க." அவர் எழுதும் வரை அங்கேயே நின்றேன்.

அன்று வீட்டில் என் கணவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பெனியில்தான் நாங்கள் நீங்க, வாங்க. வீட்டில் வகுப்புத் தோழர்கள் மாதிரி நீ, வா, போதான்.

"பள்ளத்துல காகிதம் வைக்கறது எப்படின்னு ஒரு தடவை காட்டேன். கைப்பழக்கம் விட்டுப்போச்சு."

"முடியாது."

"ஏய், படிக்கறப்போ எல்லாம் சொல்லிக் கொடுத்தியே!"

"அப்போ சொல்லிக் கொடுத்ததுக்குத்தான் இப்போ அனுபவிக்கிறேன். இந்தப் பரீட்சையை நீயே எழுது ராசா."

எங்கள் பெண் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்திருந்த நாத்தனார்தான் சமாதானம் செய்தாள். "எதுக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க? யாருக்குக் கிடைச்சா என்ன? ஒரே வீட்டுக்குத்தானே வரப்போகுது?" அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

என் மோட்டாரை நான் எப்போதும் சுற்றுகிற மாதிரிதான் சுற்றினேன். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பத்து வருஷமாகத் தினமும் செய்கிறதை இன்றைக்கு ஒருவர் பார்க்கப் போகிறார், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் என் கணவர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். சுத்தியலும் ஸ்பேனரும் பழகிய கை. சுருள் பள்ளத்துக்குள் இறங்க மறுத்தபோது மரச் சுத்தியை எடுத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு என் மண்டையில் தட்டிய மாதிரி இருந்தது. என் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுற்றி முடித்த மோட்டார்களில் ஸ்டோர்கீப்பர் எண் தகடுகளைக் கட்டினார். வழக்கம் போல எனக்கு நாற்பத்தேழு அடித்து, ஆணியால் 'ஏ' கீறினார். பிறகு எல்லாவற்றையும் வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்தார்கள். வார்னிஷ் காய்ந்தால் கண்ணாடி மாதிரி படியும், சின்னக் கீறலையெல்லாம் அடைத்துவிடும். அடித்துப் பதித்த நாற்பத்தேழு பளிச்சென்று இருந்தது. ஆணி கீறிய 'ஏ' மறைந்தே போயிற்று. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

இன்ஜினியர் அதிகம் பேசாத மனிதர். சோதனைக் கூடத்தில் மோட்டார்களை வரிசையாக ஓடவிட்டு, மீட்டரையும் பார்த்தார், ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ளங்கையை வைத்தும் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. அவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் கருகல் வாடை வந்தது. என் கணவரின் மோட்டார் குப்பென்று புகைவிட்டது. கூடமே சிரித்தது. இன்ஜினியர் திரும்பி எண்ணைப் பார்ப்பதற்குள், மனிதர் சுவிட்சை அணைத்து, மோட்டாரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் விடுவார்களா? "அண்ணே, வண்டியிலயாவது ஒழுங்கா ஓடுதா?" என்று வழியெல்லாம் கேட்டார்கள்.

எல்லாரும் பார்த்தார்கள், ஃபோர்மேனும் பார்த்தார். மேனேஜர் மட்டும் ஏசி அறையில் இருந்தார்.

மறுநாள் முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். இன்ஜினியர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடையில் மேனேஜர், கையில் மைக். தோளில் ஒரு புது நீலக் கோட்டு. எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர்கள்தான் நீலக் கோட்டு போடுவார்கள்.

"மத்த எல்லா மோட்டாரையும்விட ஒண்ணு சூடே இல்லாம, சத்தமே இல்லாம நாள் முழுக்க ஓடியிருக்கு. நம்ம புது சூப்பர்வைசர், நம்பர் நாற்பத்தேழு!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னுடையதுதான்! ஓடியது என்னுடைய மோட்டார்தான், நாற்பத்தேழு என்ற தகட்டோடு வேறு எதுவும் அந்தக் கூடத்தில் மிச்சமில்லை. நான் ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் மேனேஜர் என் கணவரைக் கைநீட்டிக் கூப்பிட்டார். "வாய்யா வா, ஏன் அங்கேயே நிக்கறே?"

பின்னாலிருந்து யாரோ அவரைத் தள்ளிவிட்டார்கள். திருதிருவென்று முழித்துக்கொண்டே படியேறினார். மேனேஜர் கையைக் குலுக்கி, நீலக் கோட்டை அவர் தோளில் போட்டார். ஒரே கைதட்டல். நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"சார்!" என்று கத்த வாயெடுத்தேன். பெரியக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"இரு. உன் புருஷன் வாயிலேர்ந்து வரட்டும். வருதான்னு பாப்போம்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நம்ம வாய் எங்க போயிடும்?"

அந்தக் கோட்டு அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் கண்ணை எடுக்கவில்லை. பேசுடா, பேசு, இன்றைக்கு நீ பேசாவிட்டால் ஆயுசுக்கும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் மைக்கை வாங்கினார். "சார், என் மோட்டார் புகைஞ்சு போச்சு சார்."

சிரிப்பு வெடித்தது.

"நான்தான் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனேன். எல்லாரும் பாத்தாங்க. ஃபோர்மேன் சாரும் பாத்தாரு. நாள் முழுக்க ஓடினது நாற்பத்தேழு ஏ-வோட மோட்டார். எனக்குப் படிக்கிற காலத்துலேர்ந்து சொல்லிக் கொடுத்ததும் அவதான்." கோட்டைக் கழற்றி மடித்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷமாகக் கம்பெனிக்குள் நீங்க, வாங்க என்று கூப்பிட்டதெல்லாம் அன்றுதான் மனசார மரியாதையாக மாறியது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். மேனேஜர் என்றால் சும்மாவா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே. ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, "அட, அதனால என்ன?" என்றார். "நாற்பத்தேழும் நாற்பத்தேழு ஏ-வும் ஒரே வீடுதானே! ஹெல்பரை சூப்பர்வைசர் ஆக்க நம்ம விதியில இடமில்ல. பதவி அவர் பேர்லயே இருக்கட்டும். நீ கூட நின்னு வேலையைப் பாத்துக்கோம்மா. சம்பளம் உங்க வீட்டுக்குத்தானே வரப்போகுது?"

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அநியாயம் என்று யாருக்கும் படவில்லை. நியாயம்தானே, ஒரே வீடுதானே என்கிற ஆட்டம் அது. நாத்தனாரின் குரல் கேட்டது. என் பெண்ணின் குரலும் கேட்டது: எதுக்கும்மா உயிரைக் கொடுத்துப் படிக்கணும்?

நான் படியேறிப் போனேன். "சார், எனக்குக் காய்ச்சல் வந்தா அவருக்கு மாத்திரை கொடுப்பீங்களா? ஒரே வீடுதானே?"

"எதிர்த்துப் பேசாதே. நாளைக்கு லோடு போகணும், அதைப் பாரு."

"பாக்க வேண்டியவர் நாற்பத்தேழு. அவரையே உக்காந்து சுத்தச் சொல்லுங்க." என் கழுத்திலிருந்த டோக்கனைக் கழற்றி அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"ஐயோ, நான் மாட்டேன் சார்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் என் கணவர். "மறுபடியும் புகையும்."

சிரிப்பு அடங்குவதற்குள் பெரியக்கா மேடைக்கு வந்துவிட்டார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார். தன் டோக்கனைக் கழற்றினார். தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அதை என் டோக்கனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பன்னிரண்டைக் கூப்பிடுங்க சார்" என்றார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. "என்னது?"

"என் வீட்டுக்காரர் சார். நான் வெறும் ஏ தானே. வேலை அவரோடதுதானே. கூப்பிடுங்க, வந்து சுத்தட்டும். அவர் வந்தார்னா உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் சந்தோஷம்."

ஆடிய தலைகள் எல்லாம் நின்றுவிட்டன. மேனேஜர் மைக்கைக் கீழே இறக்கினார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. "எங்கப்பா ரிட்டயர் ஆயிட்டார் சார், வீட்டுல டிவி பாத்துட்டிருக்கார், கூட்டிட்டு வரவா?" என்று ஒருத்தி டோக்கனை வைத்தாள். "எங்கண்ணன் வேலையை விட்டு ஓடியே போயிட்டான், கண்டுபிடிச்சீங்கன்னா எங்களுக்கும் சொல்லுங்க" என்று இன்னொருத்தி வைத்தாள். வைண்டிங் பிரிவு மொத்தமும் வரிசையில் வந்தது. மேசை மேல் பித்தளை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் ஓர் ஆணியின் கீறல்.

இன்ஜினியர் எழுந்தார். மேசையருகே வந்து என் டோக்கனை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "அந்த மோட்டாரை நீங்கதான் சுத்தினீங்களா?"

"ஆமா சார்."

"கை வச்சுப் பாத்தேன். ஓடுதா இல்லையான்னே தெரியல." மேனேஜர் பக்கம் திரும்பினார். ஆர்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யார் சூப்பர்வைசர்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க சார். கார்ல இருக்கேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நீலக் கோட்டை என் பக்கம் நீட்டினார். "சரிம்மா. நீயே போட்டுக்கோ. உன் பேர்லயே, அந்தச் சம்பளத்துலயே. போதுமா?"

கை பரபரத்தது, பொய் சொல்ல மாட்டேன். பிடுங்கி மாட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மேசை மேல் அத்தனை டோக்கன்கள் கிடந்தன. அவற்றைத் தாண்டிக் கையை நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

"கோட்டு இருக்கட்டும் சார். முதல்ல இதையெல்லாம் எடுத்துட்டுப் போய், ஆளுக்கு ஒரு எண்ணா அடிச்சுக் கொடுங்க. வைண்டிங் பண்றவங்க டெக்னீஷியன்னு எழுதிக் கொடுங்க. நான் ஹெல்பர்களுக்கு சூப்பர்வைசரா இருக்க மாட்டேன்."

"பார்க்கலாம், பார்க்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார் ஃபோர்மேன்.

"இப்பவே பாருங்க!" என்று மொத்தப் பிரிவும் ஒரே குரலில் கத்தியது. ஆண்கள் பக்கத்திலிருந்தும் சில குரல்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும்விட உரக்கக் கத்தியது என் கணவர்.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இந்தப் பக்கத்தில் "ஆமாங்க ஐயா, ஆர்டர் கார்லதாங்க ஐயா இருக்கு" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மைக்கிலேயே படித்தார்கள்.

ஸ்டோர்கீப்பர் அன்று முழுவதும் டோக்கன் அடித்தார். கை வலிக்கிறது என்று புலம்பினார். "இத்தனை நாள் ஆணியால கீறினப்போ வலிக்கலையா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு புலம்பவில்லை. எல்லாரும் புது எண் வாங்கிக்கொண்டார்கள். பெரியக்கா மட்டும் புது எண் வேண்டாம் என்றார்.

"பன்னிரண்டையே கொடு. காலியாத்தானே கிடக்கு. இத்தனை வருஷம் அவர் பேரைச் சொல்லி நான்தானே காப்பாத்தினேன்."

வாலில்லாத பன்னிரண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் அதற்குப் பிறகுதான் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். ஆண்களுக்குத் தைத்தது, கை நீளம். மடித்து விட்டுக்கொண்டேன்.

அந்த மாதம் சம்பள நாளில் வரிசையில் எனக்கு முன்னால் என் கணவர் நின்றார். எழுத்தர் பழக்கத்தில் என்னுடையதையும் சேர்த்து அவரிடம் நீட்டினார். "அவங்க எனக்கு மேலதிகாரி, அவங்ககிட்டயே கொடுங்க" என்று என் கணவர் ஒதுங்கி நின்றார். என் பெயருக்கு எதிரே, என் கையெழுத்து. பெயரை முழுசாக, தலைப்பெழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை எழுதினேன். பின்னால் நின்றவர்கள் "அம்மா, சீக்கிரம்" என்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர், "அந்தக் கோட்டைத் தோள்ல போட்டப்போ ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்துச்சு" என்றார்.

"வரலைன்னா நீ மனுஷனே இல்ல."

"நீ முறைச்ச முறைப்புல போயிடுச்சு."

சம்பளச் சீட்டை எங்கள் பெண்ணின் புத்தகத்தின் மேல் வைத்தேன். அவள் என் சீட்டைப் படித்தாள். அப்பாவுடையதை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். எது பெரியது என்று கண்டுபிடிக்கக் கணக்குப் பாடம் தேவையில்லை.

"நான் கணக்குதான் எடுத்திருக்கேன்" என்றாள்.

"எப்போடி சொன்னே? இன்னிக்கா?"

"அப்பா மோட்டார் புகைஞ்ச அன்னிக்கே."

"அன்னிக்கு எனக்கு எதுவுமே கிடைக்கலையே?"

"கிடைக்கறது அப்புறம். அப்பா வந்து சொன்னாரு, உன் மோட்டாருக்கு மேல ஒரு பேனாவை நிக்க வச்சாங்களாம், விழவே இல்லையாம். நீ எப்படிம்மா அதைச் சுத்தினே? எனக்கும் சொல்லிக் கொடு."

நான் நீலக் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டேன். மேசையைத் துடைத்துவிட்டு, வெறும் காகிதம் ஒன்றை எடுத்து, பள்ளத்தில் எப்படி வைப்பது என்று மடித்துக் காட்ட ஆரம்பித்தேன். என் கணவர் சத்தம் போடாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவரும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.